கல்லே கட்டில், கல்லே அலமாரி: ஆர்க்னியின் பழைய பண்ணை வீடுகளில் ஆறு நாள்

முதல் நாள், ஸ்ட்ராம்னஸ்

ஸ்காட்லாந்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னித் தீவுகளுக்குக் கப்பல் பயணம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் வயிறு ஒரு வழியாகிவிட்டது. வழியில் ஹோய் தீவை ஒட்டி 137 மீட்டர் உயரத்துக்குக் கடலில் தனியாக நிற்கும் கல்தூணைப் பார்க்க எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன், தொப்பி காற்றில் போனது. "தொப்பி போனா போகுது, நீங்க உள்ள வாங்க" என்றாள் மனைவி. அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூணைப் பார்த்துவிட்டாளாம்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழைய வீடுகள் மேல் ஒரு பைத்தியம். கோயில், கோட்டை, அரண்மனை எல்லாம் பார்த்தாகிவிட்டது, அவற்றைக் கட்டியவர்களுக்குக் காசும் ஆளும் இருந்தன. விவசாயி தன் கையால் கட்டிய வீடு மண்ணோடு மண்ணாகத்தான் போகும். அது போகாமல் நிற்கிற இடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான், அதில் ஒன்று ஆர்க்னி. இங்கே பாபா வெஸ்ட்ரே என்ற சின்னத் தீவில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது, வயது 5,500 ஆண்டுக்கு மேல். வட ஐரோப்பாவில் இன்னும் நிற்கிற கல் வீடுகளில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. மனைவி கூட வந்த காரணம் வேறு. அவள் மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவள், நான் பாக்கெட் பால் வாங்கிய வீட்டில் வளர்ந்தவன். "நீங்க பாட்டுக்கு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க, அது பண்ணை வீடுதானான்னு யாரு பாக்குறது?" என்றாள். சரி.

ஸ்ட்ராம்னஸ் ஊரின் தெருவே பலகை பலகையான கல்லால் பாவியது. சமையலறை அலமாரியில் கடப்பைக்கல் தட்டு வைப்போமே, அந்தக் கனம், அந்தச் சமம். சாயங்காலம் கடற்கரையில் நடந்தபோது அது எப்படி வருகிறது என்று தெரிந்தது. பாறை, அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகம் மாதிரி தாள் தாளாக நிற்கிறது. 38, 39 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பகுதி பெரிய ஏரியாக இருந்திருக்கிறது. வண்டல் படிந்து, காய்ந்து, மறுபடி படிந்து, அந்த அடுக்குகள்தான் இறுகிக் கல்லாகியிருக்கின்றன. நடுவில் மாட்டிய மீன்கள்கூட அப்படியே கல்லாகிக் கிடைக்கின்றன. கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினால் பலகையாகவே பிரியும், ரம்பம் வேண்டாம், உளி அதிகம் வேண்டாம். மரமோ, உப்புக்காற்றுக்கு ஒன்றும் எழுந்து நிற்பதில்லை, கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து நான் பார்த்த மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, மற்ற ஊர்களில் தச்சன் செய்கிற வேலையெல்லாம் இங்கே கல் தலையில் விழுந்திருக்கிறது.

இரண்டாம் நாள், கிர்பஸ்டரும் காரிகலும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், நேரமில்லாதவர்கள் ஐந்தாம் நாளுக்குத் தாவலாம்.

காலையில் பர்சே பக்கம் இருக்கும் கிர்பஸ்டர் பண்ணை வீட்டுக்குப் போனோம். இப்போது அருங்காட்சியகம், அனுமதி இலவசம். ஆர்க்னி 1468 வரை நார்வே அரசரின் ஆட்சியில் இருந்த மண். டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட முதலாம் கிறிஸ்டியன், மகளை ஸ்காட்லாந்து மன்னன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுக்கும்போது சீதனப் பணத்துக்குப் பதிலாக இந்தத் தீவுகளை அடமானம் வைத்தார். பணமும் வரவில்லை, தீவும் திரும்பவில்லை. ஊர்ப் பெயர்களில் மட்டும் நார்வேக்காரர்களின் பழைய மொழியான நார்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பிஸ்டர்’, ‘பஸ்டர்’ என்று முடிந்தால் பண்ணை, ‘குவாய்’ என்று வந்தால் மாட்டுப்பட்டி. கிர்பஸ்டர் என்றால் கோயில் பண்ணை, அதாவது தேவாலயத்துப் பண்ணை.

வெளியிலிருந்து பார்த்தால் தாழ்ந்த, நீளமான, சாம்பல் நிறக் கட்டடம், அவ்வளவுதான். கதவைத் தாண்டியதும் மூக்குக்குத்தான் முதல் வேலை. புகை. வீட்டுக்கு நடுவில், தரையில், ஒரு மேடை மாதிரி அடுப்பு எரிகிறது. சும்மா காட்சிக்கு வைத்ததில்லை, பார்த்துக்கொள்பவர் உண்மையாகவே எரிக்கிறார். எரிவது பீட், சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டி எடுத்துக் காயவைத்த மக்கிய மண். வறட்டிப் புகைக்கும் சுருட்டுப் புகைக்கும் நடுவில் ஒரு வாசனை. அடுப்புக்குப் பின்னால் முதுகு கொடுத்தது போல் ஒரு கல் தடுப்பு, அதற்கு மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் சங்கிலியில் ஒரு இரும்புப் பானை. புகைபோக்கி கிடையாது. கூரையில் ஒரு ஓட்டை, அதன் பக்கத்தில் ஒரு பலகை, அதிலிருந்து நீளமாக ஒரு கம்பு கீழே இறங்குகிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு ஏற்றபடி கம்பை அசைத்துப் பலகையைத் திருப்பினால் புகை வெளியே போகும். போகும் என்றுதான் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்தில் பாதி புகை என் கண்ணுக்குத்தான் வந்தது. கூரைக் கட்டைகள் எல்லாம் மை பூசியது போல் கறுத்துக் கிடக்கின்றன. பூச்சி அரிக்காது, கூரை காய்ந்தே இருக்கும், தொங்கவிட்ட இறைச்சியும் பதமாகும், ஆக அந்தப் புகைக்கு மூன்று வேலை.

நடுவில் அடுப்பு வைத்த வீடுகளில் மாற்றிக் கட்டாமல் தப்பியது வட ஐரோப்பாவிலேயே இதுதான் கடைசி என்கிறார்கள். 1960-களின் தொடக்கம் வரை இதில் ஆள் குடியிருந்திருக்கிறார்கள். கற்காலத்துக் கதை இல்லை, என் அப்பா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த காலம்.

என்னை அசத்தியது சுவரோரக் கட்டில். சுவர் அந்த இடத்தில் மட்டும் வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறது, உள்ளே அந்தப் பள்ளத்தில் படுக்கை, முன்பக்கம் நெட்டுக்குத்தாக நட்ட பலகைக்கல். கட்டிலின் கால், பக்கச்சட்டம், தலைமாடு எல்லாம் கல்தான். உள்ளே வைக்கோலும் கம்பளியும் போட்டுப் படுத்திருப்பார்கள். நீளம் குறைவாகத்தான் தெரிந்தது, மண்டியிட்டுக் கையால் சாண் போட்டு அளந்தேன். நீட்டிப் படுக்க எனக்குக் காணாது, முட்டியை மடக்கியாக வேண்டும்.

"மாட்டை எங்க கட்டினாங்க?"

அதற்குள் மனைவி வீட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தாள். இந்த வகை வீடுகளை அடுப்புக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கல் தடுப்புதான் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் குடும்பம் இருக்கும் உள்ளறை, மறு பக்கம் வெளியறை. வெளியறையில் தட்டுமுட்டுச் சாமான், கோழி, கன்று, குளிர் முற்றினால் இன்னும் யார் யாரோ. சில வீடுகளில் வாத்து அடைகாக்கக்கூடச் சுவரிலேயே மாடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மனிதனுக்குச் சுவரில் கட்டில், வாத்துக்குச் சுவரில் கட்டில்.

மதியம் ஹாரே பக்கம் காரிகல். இது 19ஆம் நூற்றாண்டுப் பண்ணை எப்படி இருந்ததோ அப்படி வைத்திருக்கும் இடம். வீடு, தொழுவம், களஞ்சியம் எல்லாம் நெருக்கமாக, இணையான வரிசைகளில், நடுவில் பாவிய சந்து. காற்று உள்ளே வராமல் கட்டடங்களே ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. களஞ்சியத்தில் எதிரெதிராக இரண்டு கதவு. ஏன் என்று நான் யோசிப்பதற்குள் மனைவி இரண்டுக்கும் நடுவில் போய் நின்று முறம் பிடிக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினாள். காற்றை உள்ளேயே வரவழைத்துத் தூற்றியிருக்கிறார்கள். வெளியே தூற்றினால் இந்த ஊர்க் காற்றில் பதரோடு தானியமும் நார்வேக்குப் போய்விடும்.

களஞ்சியத்தின் ஒரு முனையில் பெரிய கல் பானையைக் கவிழ்த்தது போல் வட்டமான ஒரு கட்டடம், தானியம் காயவைக்கும் சூளை. கோடைக்காலத்திலும் ஈரம் காயாத ஊரில் வெயிலை நம்பி அறுக்க முடியாது. கதிரை அறுத்து, அடித்து, இந்தச் சூளையில் தீயின் சூட்டில் உலர்த்தினால்தான் அரைக்க முடியும். அவர்கள் பயிரிட்டது ‘பியர்’ என்ற பழைய பார்லி ரகம். சீக்கிரம் விளையும், மோசமான மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். பர்சேயில் 1873-ல் கட்டிய நீராலை ஒன்று இன்றும் அதை அரைக்கிறது. அந்த மாவில் சுட்ட தடித்த ரொட்டியை இரவு வெண்ணெயோடு சாப்பிட்டோம். நிறத்திலும் மண்வாசனையிலும் கேழ்வரகு அடைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

தொழுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாடுகளுக்கு நடுவே தடுப்பு, எல்லாம் நிறுத்திவைத்த பலகைக்கல். ஒரு ஆள் மார்பு உயரம், மூன்று விரல் கனம். தரையில் சிறுநீர் ஓட வாய்க்கால். மனைவி ஒரு தடுப்புக்கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். கல் முழுக்கச் சொரசொரப்பு, அந்த ஒரு சாண் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழ. "கழுத்தைத் தேய்ச்சிருக்கு" என்றாள். எத்தனை மாடு, எத்தனை குளிர்காலம் தேய்த்தால் கல் வழுக்கும்?

அடுப்பருகே வைக்கோல் முதுகு வைத்த நாற்காலி ஒன்று உண்டு, ஆர்க்னி நாற்காலி என்றே பெயர். கடலில் ஒதுங்கிய கட்டையில் சட்டம், ஓட்ஸ் வைக்கோலைக் கயிறாகத் தைத்து வளைவான முதுகு. முதுகுப் பக்கம் காற்று ஏறாது. இன்று அதைக் கைவினைப் பொருளாக விற்கிற விலையைக் கேட்டால் முதல் நாற்காலியைச் செய்தவர் மயங்கி விழுவார்.

மூன்றாம் நாள், ஸ்காரா பிரே

கூட்டம். கப்பல் சுற்றுலாக்காரர்களின் பேருந்துகள் வரிசையாக நின்றன. 1850-ல் ஒரு புயல் மணல்மேட்டை அரித்ததும் வெளியே வந்த ஊர் இது, கி.மு. 3180 வாக்கில் தொடங்கி கி.மு. 2500 வரை குடியிருந்திருக்கிறார்கள். தொல்லியலாளர் கார்டன் சைல்ட் 1928-லிருந்து 1930 வரை முறையாகத் தோண்டினார், 1999-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். கல் கட்டில், கல் அலமாரி, தரையில் கல் தொட்டி, எல்லாம் அச்சு அசல் கிர்பஸ்டரின் முப்பாட்டன். ஆனால் வீட்டுக்குள் இறங்க முடியாது, மேலே பாதையில் நின்று கிணற்றை எட்டிப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். பாதுகாக்க வேண்டுமே, குறை சொல்லவில்லை. இருந்தாலும் நேற்றுப் புகையில் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. நுழைவாயில் பக்கம் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் போய் நின்று ஆறுதல் பட்டோம். "மாடு?" என்றாள் மனைவி. இந்த ஊரில் தொழுவம் என்று எதையும் அடையாளம் காணவில்லை, ஆனால் எலும்பு ஏராளம். "அப்போ வெளியில விட்டிருக்காங்க, குளிர்ல" என்று முகத்தைச் சுளித்தாள்.

நான்காம் நாள், வெஸ்ட்ரே வழியாகப் பாப்பே

கிர்க்வாலிலிருந்து காலைக் கப்பலில் வெஸ்ட்ரே தீவு. பியரோவால் ஊரில் சின்ன அருங்காட்சியகம், அதில் 2009-ல் இங்கே நோல்ட்லண்ட் மணல்வெளியில் கிடைத்த பெண் உருவம். கல்லில் செய்தது, உயரம் நாலு சென்டிமீட்டர், கட்டை விரல் அளவுகூட இல்லை. புருவம் வைத்திருக்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். மனைவிக்கு அதைவிடப் பிடித்தது அதே நோல்ட்லண்டில் கிடைத்த இன்னொரு விஷயம். கற்காலக் கட்டடம் ஒன்றின் சுவர் அடித்தளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காரணம் என்னவாக இருந்தாலும், மாட்டைச் சும்மா விட்டவர்கள் செய்கிற வேலை இல்லை அது. நேற்று ஸ்காரா பிரேக்காரர்கள் மேல் இருந்த கோபம் அவளுக்குப் பாதி தணிந்தது.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற விமானம். வெஸ்ட்ரேயிலிருந்து பாபா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், 1967-லிருந்து ஓடுகிறது, உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை. அட்டவணையில் 2 நிமிடம், சாதனை 53 நொடி. எங்களுக்கு எதிர்க்காற்று, 1 நிமிடம் 40 நொடி ஆனது. ஷேர் ஆட்டோ மாதிரி நெருக்கி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, ஜன்னலில் ஒரு பசு தெரிந்தது, இறங்கிவிட்டோம்.

பாபா என்றதும் உங்களுக்குச் சாமியார் ஞாபகம் வந்தால் தப்பே இல்லை. இங்கே இருந்த கிறிஸ்தவத் துறவிகளை நார்ஸ்காரர்கள் ‘பாப்பர்’ என்று அழைத்திருக்கிறார்கள், துறவிகளின் தீவு. உள்ளூரார் வாயில் பாப்பே. ஆறரை கிலோமீட்டர் நீளம், அகலம் ஒன்றரை, ஜனத்தொகை நூறைத் தொடாது. ஒரே கடை, அதை ஊரே கூட்டுறவாக நடத்துகிறது, பக்கத்திலேயே தங்கும் விடுதி.

தீவின் நடு முதுகில் ஹாலண்ட் பண்ணை. நெதர்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மேட்டு நிலம் என்றுதான் பொருள். 17ஆம் நூற்றாண்டில் ட்ரெய்ல் என்ற குடும்பம் வாங்கி, பல தலைமுறை தீவையே ஆண்டது. படிக்கட்டு மாதிரி ஏறும் முகட்டுச் சுவர் வைத்த பெரிய வீடு, அதைச் சுற்றிக் கல்லாலேயே ஒரு சின்ன ஊர்: களஞ்சியம், சூளை, புறாக்கூடு, குதிரை சுற்றிச் சுற்றி நடந்து கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டிய வட்ட மேடை. நம் செக்கைச் சுற்றிய மாடு அங்கே குதிரை. இன்றும் இது ஓடுகிற பண்ணை, டிராக்டர் நடுவில் நிற்கிறது. வேலையாட்கள் தங்கிய அறை ஒன்றை அருங்காட்சியகமாக்கிக் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை, நாமே பார்த்துவிட்டுச் சாத்திவிட்டு வர வேண்டியது.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று முன்தினம் பார்த்த புகை வீட்டோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தப் புறாக்கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புறா பண்ணையாருக்கு, எச்சம் பண்ணையாரின் வயலுக்கு, அது தின்கிற தானியம் மட்டும் குத்தகைக்காரனின் நிலத்திலிருந்து. அடுத்தது கெல்ப். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1830 வாக்கு வரை ஆர்க்னிப் பண்ணையார்களுக்குப் பணம் கொட்டியது பாசியிலிருந்து. கடற்பாசியை வாரி, காயவைத்து, கரையோரக் குழியில் எரித்தால் கிடைக்கும் சாம்பல்கட்டி கண்ணாடிக்கும் சோப்புக்கும் தேவைப்பட்டது. ஒரு டன் சாம்பலுக்கு ஏறக்குறைய 20 டன் ஈரப்பாசி. வாரியது யார், முட்டி அளவு குளிர்நீரில் நின்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வர ஆரம்பித்ததும் எல்லாம் படுத்துவிட்டது. கரையில் அந்தக் குழிகளை இன்னும் பார்க்கலாம், கல் பாவி வட்டமாகப் புல் மூடிக் கிடக்கின்றன.

ஐந்தாம் நாள், நாப் ஆஃப் ஹோவர்

ஹாலண்ட் பண்ணையிலிருந்து மேற்கே கடலை நோக்கி வயல் ஓரமாக ஒரு பாதை இறங்குகிறது. டிக்கெட் இல்லை, காவல் இல்லை, ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பசு. கீழே, கடலுக்குப் பத்துத் தப்படி முன்னால், புல்லுக்குள் புதைந்த மாதிரி இரண்டு வாசல். முதல் நாள் சொன்னேனே, அந்தப் பண்ணை வீடு இதுதான்.

பிரமிடுக்கு ஆயிரம் வருஷம் மூத்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதிவிட்டேன், கடமை முடிந்தது.

மணல் மூடிக் கிடந்ததைக் கடல் அரித்து வெளியே காட்டியது. 1930-களில் ஹாலண்ட் பண்ணையின் வில்லியம் ட்ரெய்லும் வில்லியம் கிர்க்னஸும் மணலை அகற்றித் தோண்டினார்கள். கல் வீடு, நன்றாகக் கட்டியிருக்கிறது என்பதால் இரும்புக் காலம் என்று நினைத்துவிட்டார்கள். 1970-களில் தொல்லியலாளர் அன்னா ரிச்சி திரும்பத் தோண்டி, எலும்புகளைக் கார்பன் முறையில் வயது கணக்கிட அனுப்பியபோதுதான் கி.மு. 3700 வாக்கிலிருந்து கி.மு. 2800 வரை என்று தெரிந்தது. அதாவது ஒரே பண்ணையில் பல நூறு வருடம் ஆள் மாறி ஆள் இருந்திருக்கிறார்கள். மாடு, ஆடு, பன்றி வளர்த்திருக்கிறார்கள், பார்லியும் கோதுமையும் விதைத்திருக்கிறார்கள், மீன் பிடித்திருக்கிறார்கள். அப்போது கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை, வாசலுக்கு முன்னால் புல்வெளி இருந்திருக்கிறது.

உள்ளே போகலாம். இதுதான் ஸ்காரா பிரேக்கும் இதற்கும் வித்தியாசம். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தால்தான் பெரிய வீட்டின் வாசல் விடும். வாசலின் இரு பக்கமும் கதவு வந்து முட்டி நிற்பதற்குக் கல் துருத்தல், கீழே வாசற்படி. கதவு போய் 5,000 வருஷம் ஆகிறது, கதவு நிற்கும் இடம் அப்படியே இருக்கிறது. நிமிர்ந்தால் மேலே வானம். கூரை எதில் போட்டிருப்பார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பதில், மரக்கட்டை, திமிங்கில விலா, அதன்மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டி. சுவர் மட்டும் 1.6 மீட்டர் வரை நிற்கிறது.

அந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சாந்து கிடையாது, பலகைக்கல்லைப் படுக்கை வாட்டில் அடுக்கியது. உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, நடுவில் நிரப்பியிருப்பது குப்பை. சிப்பி, எலும்பு, சாம்பல், எச்சில், எல்லாம் மக்கிய குப்பை. இந்த வீடு கட்டியதே ஒரு பழைய குப்பைமேட்டைத் தோண்டித்தான். அதாவது வீட்டுக்கு முன்னாலேயே இங்கே ஆள் இருந்து, தின்று, கொட்டியிருக்கிறார்கள். குப்பை காற்றை அடைக்கும், சூட்டைப் பிடித்துவைக்கும். எங்கள் விடுதிச் சுவருக்குள்ளும் ஏதோ பஞ்சு அடைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றுதான்.

பெரிய வீடு உள்ளே ஏறக்குறைய 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். குறுக்கே நட்ட பலகைக்கற்களால் இரண்டு அறை. முன்னறையில் சுவரோடு ஒட்டித் தாழ்வான கல் திண்ணை. திண்ணை என்ற சொல்லைத் தேடி எழுதவில்லை, பார்த்ததும் வந்தது, உட்கார்ந்தேன், சரியான உயரம். பின்னறையில் அடுப்பு இருந்த இடம், பக்கத்தில் அம்மி. சுற்றும் திருகை இல்லை, குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைக்கிற வகை. அரைத்து அரைத்து நடுவில் குழிந்து கிடக்கிறது, அதில் நேற்றைய மழைத்தண்ணீர். மனைவி அதன் முன்னால் உட்கார்ந்து தோளை அசைத்துப் பார்த்தாள். "சுவத்துக்கு முதுகு காட்டி உக்காந்துதான் அரைச்சிருக்கணும். அப்பதான் அடுப்பும் தெரியும், வாசலும் தெரியும்."

பக்கச் சுவரைக் குடைந்து ஒரு குட்டைப் பாதை, அதில் தவழாத குறையாகப் போனால் இரண்டாவது வீடு. கொஞ்சம் சின்னது, குறுகல், மூன்று அறை. கடைசி அறையின் சுவரில் மாடங்கள், அலமாரித் தட்டுகள், எல்லாம் அதே பலகைக்கல். கடப்பைக்கல் அலமாரி, கடப்பைக்கல் அலமாரி என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னேன். இது களஞ்சியமா, பட்டறையா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். மனைவி பாதையின் அகலத்தைத் தன் இடுப்பை வைத்தே அளந்துவிட்டு, "எதுவா வேணா இருக்கட்டும், மாடு இல்லை. கன்னுக்குட்டிகூட இதுல திரும்பாது" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆடு? "ஆட்டுக்கு வேணா நுழையும், ஆனா ஆட்டுக்கு எதுக்கு அலமாரி?"

இரண்டு மணி நேரம் இருந்தோம். வேறு யாரும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கப் பசுக்கள் மட்டும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன. விடுதிக்கு வந்து, கொண்டுவந்த ரவையில் உப்புமா கிண்டும்போதுதான் தெரிந்தது, அவளுடைய எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இல்லை. படம் எடுக்கக் கை வேண்டுமென்று எங்கோ வைத்திருக்கிறாள். நாளைக் காலை விமானம். போனது போனதுதான் என்று விட்டோம்.

ஆறாம் நாள், மூடுபனி

விமானம் இல்லை. எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பால் ஊற்றின மாதிரி கடல்மூட்டம், வேலிக்கம்பியே தெரியவில்லை. மாலைக்குள் தெளிந்தாலும் நாளைக் காலைதான் அடுத்தது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, பனி யார் பேச்சைக் கேட்கும்?

மதியத்துக்கு மேல் கொஞ்சம் விலகியதும் தீவின் வடக்குக் குன்றுக்கு நடந்தோம். ஆர்க்டிக் ஆலாக்கள் தலைக்கு நேராகப் பாய்கின்றன, கூடு கட்டியிருக்கும் காலம். தொப்பி கடலோடு போய்விட்டதால் என் மண்டைதான் குறி. மனைவி ஒரு குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமைதியாக நடந்தாள், அவை எப்போதும் உயரமான இடத்தைத்தான் கொத்துமாம். குன்றின் கிழக்கு ஓரத்தில் பெரிய ஆக் பறவைக்கு ஒரு நினைவுச் சின்னம். பறக்கத் தெரியாத அந்தப் பறவையில் இந்தத் தீவின் கடைசி ஆண் பறவையை 1813-ல் சுட்டுக் கொன்று, ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மூட்டம் முழுக்க விலகியது. ஜூன் மாதம், சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. "பாட்டில்" என்றாள். சரியென்று கிளம்பினோம்.

வெயில் கடலைத் தொட்டுக்கொண்டு வந்து விழுந்தது. நேற்றுச் சாம்பலாக இருந்த சுவர் இன்று தேன் நிறம், ஒவ்வொரு கல்லுக்கும் கீழே மெல்லிய நிழல் கோடு, அடுக்கின வரிசை எண்ணிவிடலாம் போலிருந்தது. வாசல்கள் கடல் பக்கம் பார்த்தவை. குனிந்து நுழைந்தபோது என் நிழல் எனக்கு முன்னால் உள்ளே போய் அம்மி வரை நீண்டது. குட்டைப் பாதையில் ஊர்ந்து, முட்டியில் மண் அப்ப, அவள் இரண்டாவது வீட்டின் கடைசி அறைக்குப் போனாள். நான் வெளியிலிருந்தே, "இருக்கா?" என்றேன்.

இருந்தது. சுவர் மாடத்தின் கீழ்த்தட்டில், நேராக, மூடி போட்டபடி. பக்கத்தில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்ததாம். பாட்டிலைத் துடைத்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நல்ல குளிர்ச்சி.